ஈவும் மீதியும்

அப்பாவின் படகு விற்ற பணம்
இரண்டு பங்காக வந்தது.
வங்கிக்காரர் காகிதத்தை மடித்து
மடிப்பை நகத்தால் கீறிக் காட்டினார்,
இங்கே நீ, இங்கே உன் அக்கா.

என் பங்கில் ஒரு குளியல் தொட்டி வாங்கினேன்.
செம்பு. உள்ளே வெள்ளீயப் பூச்சு.
சிங்கக் கால்கள் கிடையாது,
அவ்வளவு மோசமான ரசனை எனக்கில்லை.
பெர்கனிலிருந்து கப்பலில் வந்து
வார்டோ துறையில் இறங்கிய அன்று
மீன்பெட்டி சுமக்கிறவர்கள் ஆறு பேர்
சவத்துக்குக் காட்டும் மரியாதையோடு
தோளில் ஏற்றினார்கள்.
"இதில் எதை வேகவைக்கப் போகிறாய்?" என்றான் ஒருவன்.
"என்னை."

ராக்ன்ஹில்ட் தன் பங்கை முழுசாக
மலாவிக்கு அனுப்பிவிட்டாள்.
ஓர் ஆழ்துளைக் கிணறு, கைப்பம்பு,
சுற்றிலும் சிமெண்டு மேடை.
விரல் கிழிந்த கையுறையைக்கூட மாற்றவில்லை.
தனக்கு மிஞ்சித்தான் தானம் என்கிறார்கள்.
மிஞ்சியதை அளக்கும் படி
எந்தக் கடையில் கிடைக்கும் என்று
எவரும் சொல்வதில்லை.

சூரியன் எழாத டிசம்பரில்
கழுத்துவரை வெந்நீரில் கிடந்து
ஆவி படிந்த ஜன்னலில்
வகுத்தல் கணக்கு போட்டேன்.
தொட்டியின் விலை, கீழே ஒரு கொசுவலையின் விலை.
ஈவு பெரிது. ஈயாத ஈவு.
ஆயிரக்கணக்கில் இருந்ததால் அதற்கு முகமில்லை,
என்னை ஒன்றும் செய்யவில்லை.
மீதி மூன்று.
அந்த மூன்று வலைக்குள்
மூன்று பேர் படுத்திருந்தார்கள்.
ஒருத்தி புரண்டு படுத்தாள்.
நான் ஜன்னலைத் துடைத்தேன்.

தரையைப் பலப்படுத்திக் குழாய் இழுக்க
கின்டவ்தாஸுக்கு நாலு நாளாயிற்று.
லித்துவேனியாக்காரன். கூலியை எண்ணிக்கொண்டே சொன்னான்:
"உன் தொட்டிதான் என் மகனுக்குப் பல்லுக் கம்பி."
பல மாதம் அந்த வாக்கியத்தைக்
கட்டிப்பிடித்து மிதந்தேன்.
பிறகு அதுவும் ஊறி
கனக்கத் தொடங்கியது.

அக்கா வந்தது மார்ச்சில்.
கக்கத்தில் துண்டு.
மீன் ஆலையில் பத்து மணி நேரம் நின்றிருந்தாள்.
"இடுப்பு" என்றாள், அவ்வளவுதான்.
நீர் நிரப்பிக் கொடுத்துவிட்டுக்
கதவுக்கு வெளியே காத்திருந்தேன்.
அவள் கேட்கக்கூடியதற்கெல்லாம்
ஏழு பதில்கள் தயாராக வைத்திருந்தேன்.
ஏழாவது கொஞ்சம் குரூரமானது,
கொடுப்பதும் ஒரு சொகுசுதானே அக்கா, என்று.
ஒன்றரை மணி நேரம் கழித்து
உள்ளிருந்து குரல் வந்தது:
"இன்னும் கொஞ்சம் வெந்நீர்."

அதன்பின் எல்லா ஞாயிறும் வருகிறாள்.
போன பின்பு தொட்டியின் விளிம்பில்
சாம்பல் நிறத்தில் ஒரு வளையம்,
இரண்டொரு செதில்.
தேய்த்துக் கழுவுகிறேன். அதில் எனக்கு
ஏதோ பிராயச்சித்தம் என்று நினைத்துவிடாதீர்கள்.
செம்பு கறுத்துவிடும்.

மூன்றாம் வருடம் பம்பு நின்றுபோனது.
உள்ளே ஒரு ரப்பர் வளையம் கிழிந்ததாம்.
ராக்ன்ஹில்ட் ஒரு வாரச் சம்பளத்தை அனுப்பினாள்.
பதிலுக்கு ஒரு படம் வந்தது.
பம்பின் பிடியில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை,
பின்புறம் பெயர் எழுதியிருந்தது, தாமந்தானி.
காதில் தட்டு தட்டாய்த் தோடு,
தோளைத் தொடுகிற அளவுக்கு.

"இதற்கா கொடுத்தாய்?" என்று
என் வாயில் வந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன்,
நாக்கு நுனிவரை வந்துவிட்டது,
செம்பில் குளிக்கிற என் வாயில்.

அக்கா படத்தை விளக்கடியில் பிடித்துப்
பல் தெரியச் சிரித்தாள்.
"சந்தை முழுக்க அலைந்து
பேரம் பேசி வாங்கியிருப்பாள், பாரேன்.
என்ன எடுப்பு!"
ஈரக் கையோடு படத்தைக்
கண்ணாடி ஓரம் செருகிவிட்டு
கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிரவு மூன்று கொசுவலைக்குப் பணம் அனுப்பினேன்.
மூன்றே மூன்று.
மீதி தீர்ந்தது.

ஈவு அப்படியே நிற்கிறது.
தண்ணீரும் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.